சங்கெடுக்கும் கையும் இயந்திரக் கையும்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஹேப்டிக் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்கும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும், தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்.

தொடுவுணர்வுக்கு உடலில் தனி உறுப்பு கிடையாது. பார்வை கண்ணிலும் கேள்வி செவியிலும் குடியிருக்க, தொடுவுணர்வு தோல் முழுவதும் பரந்து, தசையிலும் மூட்டிலும் பல்லின் வேரிலும்கூட ஊடுருவிக் கிடக்கிறது. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகைப்படுத்திய தொல்காப்பியம் புல்லுக்கும் மரத்துக்கும் உரிய முதல் அறிவாக வைத்தது இதைத்தான். ஒளியைப் பதியும் வித்தை 1820களிலும் ஒலியைப் பதிந்து மீட்கும் வித்தை 1877இலும் மனிதருக்குக் கைவந்துவிட்டன. ஒரு கை தொட்டதைப் பதிந்து இன்னொரு கைக்கு அப்படியே கொடுக்கும் வித்தையோ இன்றுவரை அரைகுறையாகவே இருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்க முயலும் துறைதான் ஹேப்டிக் தொழில்நுட்பம்.

விரல்நுனியின் மயிரற்ற தோலில் நான்கு வகைத் தொடு ஏற்பிகள் உள்ளன. மேல்தோலின் அடியில் இருக்கும் மெர்கல் செல்கள், ஒரு பொருள் அழுந்திக்கொண்டிருக்கும் வரை செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். விளிம்பு, முனை, மேடுபள்ளம் ஆகியவற்றின் நுண்வடிவை மூளை அறிவது இவற்றால். மெய்ஸ்னர் உறுப்புகள் விநாடிக்கு 5 முதல் 50 வரையிலான மெல்லதிர்வுகளுக்கு விழித்துக்கொள்பவை. பிடித்த பொருள் நழுவத் தொடங்கும் கணத்தை முதலில் சொல்பவை இவையே. தோலின் ஆழத்தில், பல அடுக்கு உறைகளுக்குள் நரம்புமுனையை வைத்திருக்கும் பாசினி உறுப்புகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வில் மிகக் கூர்மையாக இயங்குகின்றன. அந்த எல்லையில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அசைவு அவற்றுக்குப் போதும். ரஃபினி முனைகள் தோல் இழுபடும் திசையை அறிவிக்கின்றன. ஒரு கையின் உள்ளங்கைப் புறத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 17,000 தொடு நரம்பிழைகள் இப்படிச் செய்தி கொண்டுபோகின்றன. இழுபடும் செல்சவ்வில் திறந்து மின்குறிப்பை எழுப்பும் பீசோ-2 என்னும் புரதத்தை ஆர்டெம் படாபூட்டியன் குழுவினர் 2010இல் கண்டறிந்தனர். அந்தப் பணிக்காக அவர் 2021இன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஏற்பிகளின் பட்டியலோடு பாடநூல்கள் நின்றுவிடுவதுண்டு. நின்றுவிட்டால் விஷயத்தின் பாதி விடுபட்டுப்போகும். அசையாத விரலின்மேல் வைத்த பொருள் மனத்தில் மங்கலாகவே பதிகிறது. விரல் தானாக நகர்ந்து தேடும்போதுதான் உருவம் தெளிகிறது. ஜெர்மானிய உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதினார். சூசன் லேடர்மனும் ராபர்ட்டா கிளாட்ஸ்கியும் 1987இல் கையின் தேடல் அசைவுகளை வகைப்படுத்தினர். பரப்பின் தன்மையை அறியக் கை குறுக்கே வருடும். கடினத்தை அறிய அழுத்தும். வெப்பத்தை அறிய அசையாமல் வைத்திருக்கும். எடையை அறியத் தூக்கிப் பார்க்கும். மொத்த வடிவத்தை அறிய உள்ளங்கையில் பொதிந்துகொள்ளும். துல்லிய வடிவத்தை அறிய விளிம்போடு விரலை ஓட்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாக் கைகளும் செய்யும் அசைவுகள் இவை.

இந்த அசைவுகளில் பலவற்றை ஒருசேரச் செய்து முடிக்கும் தொழில் ஒன்று மன்னார் வளைகுடாவில் உண்டு. கடலடியில் கிடக்கும் சங்கை எடுக்கும் தூத்துக்குடிக் குளியாளியின் கை, அதைப் பொதிந்த அளவிலேயே பருமனை அறிந்துவிடும். உயிருள்ள சங்கின்மேல் பழுப்பு நிறத்தில் வெல்வெட்டு போன்ற மேல்தோல் மூடியிருக்கும். செத்த சங்கில் அது உரிந்து, கடற்பஞ்சும் புழுவும் துளைத்த சொரசொரப்பு தட்டுப்படும். வாய்ப்புறம் விரலை விட்டால் உள்ளே சுருங்கிய தசைப்பாதமும் கொம்பு மூடியும் இருக்கின்றனவா, வெறும் மணல் அடைந்திருக்கிறதா என்று தெரியும். வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கட்டைவிரல் சொல்லும். இலட்சத்தில் ஒன்றாகக் கிடைப்பதாகப் பேசப்படும் வலம்புரிக்கும் சாதாரண இடம்புரிக்கும் உள்ள வேறுபாடு, கலங்கிய நீரில் கண்ணுக்கு முன்னால் கைக்குத்தான் எட்டும்.

இக்கரையின் முத்து வரலாறு பலரும் அறிந்தது. கொற்கையில் தொடங்கி, போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறினாலும் கடலில் இறங்கியவர்கள் பெரும்பாலும் பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் குளியாளிகளுமே. முத்துச்சிப்பி வாழும் பார்கள் கரையிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 20 கிலோமீட்டர் தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன. 1955இல் தொடங்கிய கடைசித் தொடர் முத்துக்குளிப்பு 1961உடன் முடிந்தது. அதன்பின் பார்கள் முத்துக்குளிப்பு நடத்தும் அளவுக்கு விளையவில்லை. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சுவாமி 1973இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். சங்குகுளிப்பு மட்டும் நின்றுபோகவில்லை. திரேஸ்புரத்திலிருந்து இன்றும் படகுகள் சங்குக்குப் போகின்றன. எடுத்த சங்கில் பெரும்பகுதி வங்காளத்து வளையல் தொழிலுக்குச் செல்கிறது. 1961இல் கல் கட்டி இறங்கியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். இம்மடலின் அவசரம் அதில் இருக்கிறது.

கடலடியில் தொடுவுணர்வு கரையில் இயங்குவதுபோல் இயங்குவதில்லை. 10 மீட்டர் இறங்கினால் உடலின்மேல் விழும் அழுத்தம் இருமடங்காகிறது. 20 மீட்டரில் மும்மடங்கு. இருந்தும் தோலுக்கு அது தெரிவதில்லை. மெய்ஸ்னர் உறுப்புகளுக்குப் பெயர் தந்த மெய்ஸ்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே விரலைப் பாதரசத்தில் அமிழ்த்தி இதைக் காட்டினார்: அமிழ்ந்த பகுதியில் எந்த அழுத்தமும் உணரப்படவில்லை, பாதரசத்தின் மேல்மட்டம் விரலைச் சுற்றும் கோட்டில் மட்டும் உணர்வு இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்தினால் தோல் உருக்குலைவதில்லை. உருக்குலையாத இடத்தில் ஏற்பிகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. காற்று அடைபட்ட செவியில் மட்டும் வலி கிளம்பும். ஹேப்டிக் கையுறை செய்பவர்களுக்கு இதில் நேரான பாடம் உண்டு. விரலைச் சுற்றிலும் காற்றுப்பையால் சமமாக இறுக்கினால், பெரிய விசை செலவழிந்தும் சிறிய உணர்வே கிடைக்கும். விசையின் அளவைவிடத் தோலில் அது உண்டாக்கும் ஏற்றத்தாழ்வே முக்கியம்.

நீர் எடையைத் திருடுகிறது. கரையில் கனக்கும் சங்கு கடலடியில் இலேசாகிவிடுவதால், தூக்கிப் பார்த்து அறியும் வழி பாதி அடைபடுகிறது. பருமனுக்கும் எடைக்கும் உள்ள பொருத்தத்தைக் குளியாளி புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் உடல்வெப்பத்தைக் கடத்துவதால், இந்த வெதுவெதுப்பான கடலிலும் மணிக்கணக்கில் ஊறிய விரல் கூர்மை குன்றும். விரல்நுனி சுருங்குவது தோல் நீரை உறிஞ்சி உப்புவதால் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நரம்பு சிதைந்த விரல்கள் நீரில் சுருங்குவதில்லை என்று 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்தனர்; இரத்தக்குழாய்களைத் தன்னியக்க நரம்புகள் சுருக்குவதால் வரும் மாற்றம் அது. நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் 2013இல் நடத்திய சோதனையில், சுருங்கிய விரல்கள் நீருக்குள் இருந்த கோலிகளைச் சுருங்காத விரல்களைவிட விரைவாக எடுத்து இடம் மாற்றின. பின்வந்த ஓர் ஆய்வில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தின் சில நிமிடங்களில் தீராத இந்த வழக்குக்கு, ஆண்டுக்கணக்கில் நீரில் ஊறிய விரல்களை உடையவர்களிடம் சாட்சி கேட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட ஊன்றி நோக்கத்தக்கது கயிறு. பழைய முறையில் குளியாளி கருங்கல் கட்டிய கயிற்றின் வளையத்தில் காலை நுழைத்து இறங்குவார். கல் தரை தட்டியதும் மேலே கயிறு தளரும். கயிற்றைப் பிடித்திருப்பவரின் கை அதைக் கொண்டே ஆள் அடிசேர்ந்ததை அறிந்து கல்லை மேலே இழுத்துக்கொள்ளும். ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிடம் கழித்துக் கீழே ஆளோடு இருக்கும் மற்றொரு கயிற்றில் ஒரு சுண்டு வரும். அந்த நொடியே இழுக்கத் தொடங்க வேண்டும். கயிறு பிடிப்பவர் குளியாளியின் மைத்துனராக இருப்பார், தங்கையின் தாலிக்காக அவர் கண்ணிமைக்காமல் காத்திருப்பார் என்று இக்கரையில் சொல்வார்கள். அன்பை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அவருடைய கை செய்யும் வேலை வியப்புக்குரியது. அலையில் படகு ஏறி இறங்கும்போது கயிறு மெதுவாக இறுகித் தளர்கிறது. நீரோட்டம் அதை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. கீழே ஆள் நகர நகரச் சிறுசிறு இழுப்புகள் வருகின்றன. கயிறே நீண்டு சுருங்கும் தன்மையுடையது; 20 மீட்டர் நீளத்தில் கூர்மையான சுண்டு மழுங்கித்தான் மேலே வரும். இத்தனை இரைச்சலுக்குள் வேண்டுமென்று கொடுத்த சுண்டையும் தற்செயலான இழுப்பையும் தவறாமல் பிரித்தாக வேண்டும். தவறினால் போவது உயிர்.

ஹேப்டிக் துறையின் பாடங்களில் பாதி இந்தக் கயிற்றில் இருக்கிறது. தொடுவுணர்வு வழியே அனுப்பும் குறிகள் மிகச் சிலவாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பின்னணி அசைவிலிருந்து வேகத்தால் வேறுபட வேண்டும். பெறும் கை சும்மா ஏந்திக்கொண்டிராமல், கயிற்றை எப்போதும் ஓரளவு விறைப்பில் வைத்துத் தானே தேடிக்கொண்டிருக்க வேண்டும். தளர்ந்த கயிற்றில் செய்தி ஏறாது. திறன்பேசியில் பத்து விதமான அதிர்வுக் குறிகளை அடுக்கி, எது எது என்று பயனர் மறந்துபோகும்படி விடும் வடிவமைப்பாளர்கள் இதைப் பார்க்க வேண்டும். கயிற்றில் பேசியவர்கள் ஒரு சில குறிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். அது வறுமை என்று எண்ணத் தோன்றலாம். பல நூறாண்டு சோதித்துத் தேர்ந்த அளவு அது.

கரைக்கு வந்த முத்து வேறு வகைக் கைகளுக்குப் போனது. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்து வணிகர்கள் பத்துப் பித்தளைச் சல்லடைகளை வைத்திருந்தனர். 20, 30, 50 என்று தொடங்கி 1000 வரை துளை எண்ணிக்கையால் பெயர்பெற்ற தட்டுகள் அவை. துளைகள் கூடக் கூட அவற்றின் அளவு சிறுக்கும். அளவைச் சல்லடை பிரித்துவிடும். ஆணி, அணாதாரி, குறுவல், கழிப்பு என்ற தரப்பிரிவுக்குக் கண்ணும் விரலும் சேர்ந்தாக வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உருட்டும்போது முழு உருண்டை ஒரே சீராக ஓடும்; ஒரு பக்கம் சப்பையானது தடுக்கும். அந்தத் தடுக்கலை அறிபவை மெய்ஸ்னர் உறுப்புகள். இங்கே வேலை செய்யும் இன்னொரு திறனை ரோலண்ட் ஜொஹான்சன், யோரான் வெஸ்ட்லிங் ஆகிய ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1984இல் அளந்தனர். பொருள் நழுவத் தொடங்கி விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள், நினைவு தலையிடும் முன்பே, கை பிடியை இறுக்கிவிடுகிறது. அதனால்தான் வழுக்கும் முத்தை நழுவாத அளவுக்குச் சற்றே கூடுதலான விசையோடு பிடிக்க முடிகிறது. விரல்நுனியை மரக்கச் செய்தால் இந்தக் கணக்கு குலைந்து, ஒன்று நசுக்கும் அளவுக்குப் பிடிக்கிறோம், அல்லது நழுவ விடுகிறோம்.

முத்து மெய்யா போலியா என்று அறியப் பல்லில் உரசிப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அதன் அறிவியல் அழகானது. முத்தின் மேற்பரப்பு அரகோனைட் என்னும் சுண்ணத் தகடுகளால் ஆனது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் தடிமன். தகடுகளின் ஓரங்கள் படிப்படியாக மேலே முடிகின்றன. பல்லில் உரசும்போது அந்தப் படிகள் நுண்ணதிர்வை எழுப்ப, பல்வேரைச் சூழ்ந்த தசைநாரில் உள்ள ஏற்பிகள் அதை மணல் நறநறப்பாக உணர்கின்றன. கண்ணாடிப் போலியில் படிகள் இல்லை; வழுக்கிக்கொண்டு போகும். விரலும் இதற்குச் சளைத்ததில்லை: ஸ்டாக்ஹோமின் கேடிஎச் நிறுவனத்திலிருந்து 2013இல் வெளியான ஆய்வில், 13 நானோமீட்டர் உயர வரிகள் கொண்ட பரப்பை வழவழப்பான பரப்பிலிருந்து விரல்கள் பிரித்தறிந்தன. வருடியபோது மட்டுமே அது முடிந்தது.

முத்துத் துளைப்பவர்களின் கைத்திறனை ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியான இலங்கை பற்றிய நூலில் பதிந்திருக்கிறார். மூன்று கால் வைத்த மரக்கட்டையின் குழியில் முத்தைப் பதித்து, துளையூசியின் தலையை இடக்கையால் அழுத்தி, வலக்கையால் வில்லை இழுத்துச் சுழற்றுவார்கள். சுழற்சி நிற்காமலே வலக்கைச் சுண்டுவிரல் பக்கத்துச் சிரட்டை நீரில் தோய்ந்து முத்தை நனைத்துவிட்டு வரும். துளை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை இடது உள்ளங்கைக்கு வரும் அதிர்வும் சொல்லும். ஒரே நேரத்தில் மூன்று வேலை, மூன்று விசை. இதை ஓர் இயந்திரத்துக்குக் கற்பிக்க முனையும் மாணவருக்கு இதன் அருமை விளங்கும்.

இனி இயந்திரங்கள். தொலைவிலுள்ள விசையைக் கைக்குக் கொண்டுவரும் வேலை அணுசக்தியோடு பிறந்தது. கதிரியக்கப் பொருள்களைத் தடித்த சுவருக்கு அப்பாலிருந்து கையாள வேண்டி, அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் 1940களின் இறுதியில் இரட்டைக் கை ஒன்றைச் செய்தார். இங்கே ஒரு கையை அசைத்தால் அங்கே மற்றொன்று அசையும். அங்கே தட்டுப்பட்டது இங்கே தடுக்கும். முதலில் கம்பிகளும் பற்சக்கரங்களும் செய்த வேலையை 1954 அளவில் மின்மோட்டார்கள் ஏற்றன. கணினிக்குள் மட்டுமே இருக்கும் பொருளைத் தொடவைத்தது 1990களின் முன்பகுதியில் எம்ஐடியில் தாமஸ் மாசியும் கென்னத் சாலிஸ்பரியும் உருவாக்கிய ஃபாண்டம் என்ற கருவி. விரலைச் செருகிக்கொள்ளும் ஒரு தொப்பியும் அதைத் தடுக்கும் மூன்று மோட்டார்களும்தான் அதன் சாரம். 2002 அக்டோபரில் மண்டயம் சீனிவாசன் தலைமையிலான எம்ஐடி குழுவும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழுவும் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலிருந்தும் கணினிக்குள் இருந்த ஒரே கனசதுரத்தைச் சேர்ந்து தூக்கின. ஒருவர் தள்ளுவதை மற்றவர் கை உணர்ந்தது.

கண்ணை ஏமாற்ற விநாடிக்கு 24 படங்கள் போதும். கையை ஏமாற்ற ஏறத்தாழ 1000 முறை விசையைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கற்சுவர் ரப்பராகிவிடும், அல்லது கைப்பிடி நடுங்கத் தொடங்கும். அட்லாண்டிக்கைக் கடக்கும் செய்திக்கு நேரும் தாமதமே அந்தச் சோதனையின் கடினமான பகுதி. திறன்பேசி அதிர்வு இதைவிட எளியது: சமன்குலைந்த எடையைச் சுழற்றும் சிறு மோட்டார், அல்லது காந்தத்தால் முன்பின் அசையும் ஒரு கட்டை. அது பெரும்பாலும் பாசினி உறுப்புகளோடு மட்டுமே பேசுகிறது. மெர்கல் செல்களுக்கு உரிய விளிம்பும் முனையும், ரஃபினிக்கு உரிய இழுப்பும், வெப்பமும் அதில் இல்லை. நான்கு வாயில்களில் ஒன்றைத் தட்டிவிட்டு வீடு முழுவதும் திறந்ததாக விளம்பரம் செய்வது இத்துறையின் பழைய குற்றம். அறுவை மருத்துவத்தில் இந்தக் குறை உயிரோடு தொடர்புடையது. டா வின்சி அறுவை இயந்திரம் அமெரிக்க அனுமதி பெற்றது 2000இல்; திசுவை எவ்வளவு இழுக்கிறோம் என்பதை மருத்துவரின் கைக்குத் திருப்பித்தரும் வடிவம் அனுமதி பெற்றது 2024இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டு மருத்துவர்கள் நூல் எவ்வளவு இறுகியது என்பதைக் கண்ணால் பார்த்தே ஊகித்தனர்.

சென்னையிலும் இத்துறை வேரூன்றியிருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் எம். மணிவண்ணன் வழிநடத்தும் டச் லேப் தொடுவுணர்வை அளப்பதிலும் ஹேப்டிக் கருவிகளிலும் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. அங்கு உருவான ஐடேட் என்ற தொடுதிரையில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. மின்புலத்தால் விரலுக்கும் கண்ணாடிக்கும் இடையிலான உராய்வைக் கூட்டிக் குறைத்து, வழவழப்பான திரையிலேயே விளிம்பையும் சொரசொரப்பையும் உணர்த்துகிறது. விரல் நகர்ந்தால் மட்டுமே அது பேசும். வருடும் விரலின் இயல்பை மதித்து அமைந்த வழி என்பதால் அது பாராட்டுக்குரியது.

கடலடியில் ஹேப்டிக் கையின் சிறந்த எடுத்துக்காட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஓஷன்ஒன். உசாமா கதீப் தலைமையில் உருவான, மனித உடல்மேற்பகுதியின் வடிவுகொண்ட இந்த ரோபோ 2016இல் பிரான்சின் தூலோன் நகருக்கு அப்பால், 1664இல் மூழ்கிய லா லூன் என்ற கப்பலின் சிதைவுக்கு ஏறத்தாழ 90 மீட்டர் ஆழம் இறங்கி, ஒரு சிறு கலயத்தை உடையாமல் எடுத்துவந்தது. மணிக்கட்டுகளில் இருந்த விசை உணரிகள் பிடியின் தன்மையை மேலே கப்பலில் இருந்தவரின் கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. இதன் அடுத்த வடிவம் 2022இல் 800 மீட்டருக்கும் கீழே சென்றது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ரோசப் 6000 வாகனம் 2010இல் 5,000 மீட்டரைத் தாண்டி இறங்கியது. அத்தகைய வாகனங்களின் கையுறுப்புகளைப் பொதுவாகக் கேமராப் படத்தைப் பார்த்தே இயக்குகிறார்கள். வண்டல் கிளம்பித் திரை மங்கினால் வேலை நிற்கும். குளியாளியின் வேலை அந்த இடத்தில்தான் தொடங்கும்.

துறைமுகத்திலும் கண்ணை மட்டும் நம்பும் இதே சிக்கல் வேறு உருவில் நிற்கிறது. 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு இன்று வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கும் துறைமுகத்துக்கும், உலகின் எந்தக் கொள்கலன் முனையத்துக்கும் இது பொருந்தும். பளுதூக்கியின் கூண்டில் இருக்கும் ஓட்டுநர், பெட்டி தளத்தில் அமர்ந்ததை இருக்கை வழியே வரும் அதிர்வாலும் அறிகிறார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து திரை பார்த்து இயக்கும் முறைக்கு மாறும்போது அந்த அதிர்வு அறுந்துபோகிறது. அதை மேசைக்குத் திருப்பிக் கொண்டுவருவது ஹேப்டிக் மாணவர்களுக்கு ஏற்ற, அளவான பணி.

ஆனால் முதலில் செய்ய வேண்டியது குளியாளிக்கு. இன்றைய சங்குகுளிப்பு பெரும்பாலும் மூச்சடக்கி நடப்பதில்லை. படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து நீண்ட குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் அடியில் இருக்கிறார்கள். அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. விரைவாக மேலேறினால் அது குமிழியாகி மூட்டுவலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். கலங்கிய நீரில், இரு கையிலும் வேலை இருக்கையில், கடிகார முகத்தைப் பார்த்து வேகத்தைக் கணிக்க முடியாது. மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டை, ஏற்றம் வேகமானால் ஒருவித அதிர்வும், அடியில் தங்கும் நேரம் மிஞ்சினால் வேறொருவித அதிர்வும் தந்தால் போதும். அழுத்த உணரி, சிறு அதிர்மோட்டார், நீர் புகாத உறை: இவ்வளவே தேவை. அதிர்வு 200 முதல் 300 ஹெர்ட்ஸ் எல்லையில் இருக்க வேண்டும். பட்டை தடித்த ரப்பர் உடைக்கு மேலாக அல்லாமல் வெறுந்தோலில் படிய வேண்டும். குறிகள் இரண்டைத் தாண்டக் கூடாது. மீனவக் குடும்பம் வாங்கத்தக்க விலையும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. குளியாளிக்குப் பதிலாக ரோபோவை இறக்கும் கனவைவிட, குளியாளி நடமாடும் கால்களோடு வீடு திரும்ப உதவும் கருவியே இக்கரைக்கு முந்தியது.

அடுத்தது பதிவு. விரல்நுனியில் உணரியை ஒட்டினால் அளக்க வந்த உணர்வே மழுங்கிவிடும். எம்ஐடியில் ஸ்டீபன் மஸ்காரோவும் ஹருஹிகோ அசாடாவும் 2000களின் தொடக்கத்தில், அழுத்தும்போது நகத்தடியில் இரத்த நிறம் மாறுவதைக் கொண்டு விரல்விசையை அளந்தனர். விரலின் உட்புறத்தைத் திறந்தே விடும் அத்தகைய வழிகளை நீருக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். மணிக்கட்டில் முடுக்க உணரியையும் சேர்க்கலாம். கயிற்றுக்கும் காற்றுக் குழாய்க்கும் படகின் முனையில் விசையை அளக்கும் ஒரு லோட் செல் போதும்: வேண்டுமென்று கொடுத்த சுண்டு எத்தனை நியூட்டன், எத்தனை மில்லிவிநாடி, அலையின் இழுப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பவை ஓர் இளநிலை மாணவர் குழு ஒரு பருவத்தில் அளந்து முடிக்கக்கூடியவை. அளவுகளோடு தொழில்சொற்களும் பேச்சும் பதிவாக வேண்டும், ஏனெனில் மணலின் வகையையும் சங்கின் நிலையையும் குளியாளி எப்படிப் பகுக்கிறார் என்பது அவருடைய சொற்களிலேயே இருக்கிறது. 1914இல் ஜேம்ஸ் ஹார்னெல் சங்குத் தொழில் பற்றி எழுதிய நூல் இத்தகைய தகவலுக்கு இன்றும் கைகொடுக்கிறது. விரலின் விசையை அளக்கும் கருவி அவரிடம் இருக்கவில்லை.

கடலுக்குப் போகாத நாளின் கூலியை ஆய்வில் பங்கேற்பவருக்குக் கொடுக்க வேண்டும். எதற்காக அளக்கிறார்கள், யாருக்குப் போகும் என்பதைத் தமிழில் சொல்லி, அவர் சம்மதித்த பின்பே தொடங்க வேண்டும். அவருடைய கையசைவிலிருந்து விற்பனைக்குரிய கருவி பிறந்தால் அதில் அவருக்கும் பங்கு எழுதப்பட வேண்டும். சேர்ந்த பதிவுகளின் ஒரு படி கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். இன்னொரு படி சங்குகுளி தொழிலாளர்களின் சங்கத்திடம் இருக்கட்டும். வேலைக்கு உகந்த காலம், கடல் தெளிந்து சங்குக்குப் படகு போகும் மாதங்கள். எந்த வாரம் என்பதைத் திரேஸ்புரத்தில் கேட்டுக்கொள்ளலாம்.